மாமாவிடம் சாமி இல்லை என்று வாதாடுவது எப்படி?

“உனக்கு நம்பிக்கை இல்லேன்னா சும்மா இரு, அடுத்தவன் கும்பிடுறதுல உனக்கென்ன வந்துச்சு?”

பாம்பன் டீக்கடையில் மாமா இப்படித்தான் ஆரம்பிப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதனால் நேரத்துக்கும் பஞ்சமில்லை. இதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு வாயைத் திறங்கள்.

என் பதில் ஏர்வாடி, மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கொண்டுவரும் தர்கா இருக்கிற ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து 28 மனநோயாளிகள் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டிக் கிடந்ததால் எழுந்து ஓடக்கூட முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டது சொந்தக் குடும்பம்தான், பாசத்தோடுதான், தர்கா பக்கம் இருந்தால் சரியாகிவிடும் என்று நம்பித்தான். இதற்காகத்தான் வாதாடுகிறேன், நீங்கள் விபூதி பூசினால் எனக்கென்ன மாமா என்று சொல்லிவிடுங்கள். ஊர்ப்பக்கம் மனநல வைத்தியம் கிடைக்காததும் ஒரு காரணம்தான், அதை அவர் சொல்வதற்குள் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

அரசியல் சட்டம் 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையைக் குடிமகனின் கடமை என்கிறது. உண்மைதான், டீக்கடையில் எடுபடாது.

தனுஷ்கோடியை மட்டும் இழுக்கவே இழுக்காதீர்கள். “1964ல புயல் ரயிலோட அடிச்சிட்டுப் போனப்போ ராமநாதசாமி எங்க இருந்தார்?” என்று நானும் ஒருமுறை கெத்தாகக் கேட்டேன். எதிரே இருந்த பெரியவர் பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் தம்பி அந்தப் புயலில் போனவராம், அப்புறம்தான் சொன்னார்கள்.

ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கும் கல்லை ராமர் பாலத்துக் கல் என்று காட்டினால் மறுக்காதீர்கள், கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பெல்லாம் துளை, துளைக்குள் காற்று, கையில் கனமே தெரியாது. பக்கத்திலேயே ஒரு கருங்கல் சில்லைப் போட்டுப் பார்க்கலாமே என்றால் போதும், மீதியைத் தண்ணீர் பேசிக்கொள்ளும்.

கடைசியாக, வீட்டில் யாராவது தூக்கம் கெட்டுத் தனியாகப் பேச ஆரம்பித்தால் வாதத்தை மூட்டை கட்டுங்கள். ஏர்வாடி தர்காவிலேயே இப்போது துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மாத்திரையும் கொடுக்கிறார்கள். “தர்காவுக்குப் போவோம் அத்தை, போற வழியில ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில ஒரு சீட்டு போட்டுட்டுப் போவோம்” என்று கேட்டேன். அத்தை சரி என்றார். கையில் மந்திரித்த கயிறோடுதான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.