சிங்கராஜ வனத்துக்கா? உப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டுக்குக் கிளம்பும் பலரும் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து, அதன்மேல் தூவப் பொட்டலம் பொட்டலமாக உப்பு கட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தரையில் சிந்தும் உப்பு, ஈரத்தோலால் மூச்சுவிடும் சின்னத் தவளைகளுக்கும் மண்புழுக்களுக்கும் ஆகாது.

முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை போதும். பேன்ட் நுனியை அதற்குள் செருகிவிடுங்கள். மீறி ஏறிக் கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனையருகே நகத்தை வைத்துத் தோலை ஒட்டினாற்போலத் தள்ளுங்கள், பிடியை விட்டுவிடும். இரத்தம் உறையாதபடி அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவிவிட்டுச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலத்தில் போனால் அட்டையும் குறைவு.

இன்னொன்று: உள்ளே வழிகாட்டி கூடவே வருவார். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடி நகரும்; பாதையோரம் பேசாமல் நின்றாலே தலைக்கு மேல் வந்து சேரும்.