லினக்ஸில் மட்டும் வராத அரட்டை வசதி: அடைப்பு எங்கே என்று பார்க்கும் முறை

வாட்ஸ்அப் 2021 மார்ச்சில் கணினியிலிருந்தே குரல், வீடியோ அழைப்பு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. வந்தது விண்டோஸ், மேக் செயலிகளுக்கு மட்டும். லினக்ஸுக்கு அந்த நிறுவனம் செயலியே வெளியிடவில்லை. உலாவியில் திறக்கும் வாட்ஸ்அப் வெப்தான் கதி, அதில் அப்போது அழைப்பு இல்லை. டிஸ்கார்டுக்கு லினக்ஸ் செயலி உண்டு, ஆனால் திரையைப் பகிரும்போது ஒலி போகாத குறை பல ஆண்டுகள் நீடித்தது. டெலிகிராம் டெஸ்க்டாப்பில் ரகசிய அரட்டை கிடையாது. விண்டோஸில் ஓடும் அதே டெலிகிராம் டெஸ்க்டாப்பிலும் கிடையாது.

மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே குறைதான். காரணம் மட்டும் வேறு வேறு. முதலாவது நிறுவனத்தின் முடிவு. இரண்டாவதில் செயலிக்கும் டெஸ்க்டாப்புக்கும் (சாளரங்களையும் மெனுக்களையும் காட்டும் லினக்ஸின் திரைச்சூழல்) இடையில் சிக்கல். மூன்றாவதில் லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லை. ஆகவே, கண்ட கட்டளைகளை டெர்மினலில் ஒட்டத் தொடங்குமுன் வசதி எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்த்துவிடுங்கள்.

நிறுவனமே தரவில்லையா?

அதே செயலியின் விண்டோஸ் பதிப்பில் அந்த வசதி இருக்கிறதா என்று நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் முதலில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் கணினியில் தேட ஒன்றுமில்லை. அங்கே இருந்து, லினக்ஸ் பதிப்பிலும் உலாவிப் பதிப்பிலும் இல்லையென்றால், அந்த நிறுவனம் இன்னும் எழுதவில்லை என்று பொருள்.

எழுதாததற்குக் காரணம் எண்ணிக்கை. வலைப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுன்டரின் கணக்கில் மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு 2024 பிப்ரவரியில்தான் 4 சதவீதத்தைத் தாண்டியது. அந்த 4 சதவீதமும் ஒரே துண்டாக இல்லை. உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் என்று பல விநியோகங்கள் (லினக்ஸின் வகைகள்). டெப், ஆர்பிஎம், ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று செயலியை நிறுவப் பல பொதி வகைகள். எக்ஸ்11, வேலண்ட் என்று சாளரங்களைத் திரையில் காட்ட இரண்டு முறைகள். நிரலை ஒருமுறை எழுதிவிடலாம். இத்தனை சேர்க்கையிலும் சோதித்துப் பார்த்து, வரும் புகார்களுக்குப் பதில் சொல்ல ஆள் வைப்பதுதான் செலவு. ஸ்கைப் 2014 ஜூனில் லினக்ஸுக்கு 4.3 பதிப்பை வெளியிட்டபின், 2016 ஜூலை வரை புதிதாக ஒன்றும் தரவில்லை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் லினக்ஸ் செயலி 2019 டிசம்பரில் முன்னோட்டமாக வந்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பதிலுக்குக் கிடைத்தது உலாவி வழியே நிறுவும் வலைச்செயலி.

இந்த நிலையில் பலரும் செய்யும் வீண்வேலை, ஆப் ஸ்டோரில் ‘லினக்ஸுக்கான வாட்ஸ்அப்’ என்று கிடைப்பதை நிறுவுவது. அவற்றில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் வெப்பை ஒரு தனிச் சாளரத்துக்குள் காட்டும் உலாவிகள்தான். வெப்பில் இல்லாத வசதி அவற்றிலும் வராது. அதிகாரபூர்வமற்ற நிரல்களை வைத்து நேரடியாகச் சேவையகத்தோடு பேசும் மாற்றுச் செயலிகளும் உண்டு. அவற்றால் கணக்கு முடக்கப்படும் அபாயம் இருக்கிறது, அழைப்பும் பொதுவாக வேலை செய்யாது. முதன்மை எண்ணில் இதைச் சோதிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்புக்கு நடைமுறையில் நல்ல வழி: குரோம் அல்லது அதன் திறந்த மூல அடிப்படையான குரோமியத்தில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் பக்கத்தைச் செயலியாக நிறுவும் தேர்வை அழுத்துங்கள். தனிச் சாளரம், தனி ஐகான், அறிவிப்பு எல்லாம் கிடைக்கும். ஒரு கணக்கோடு 4 சாதனங்கள் வரை இணைக்கலாம். முதன்மைக் கைபேசியில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைத்த சாதனங்கள் தாமாக வெளியேற்றப்படும். ‘லினக்ஸில் அடிக்கடி லாக்அவுட் ஆகிறது’ என்ற புகார் வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். வேடிராய்டு வழியாக ஆண்ட்ராய்டு செயலியையே லினக்ஸில் ஓட்டலாம்தான். ஆனால் அதற்கு வேலண்ட் தேவை, கேமரா பல கணினிகளில் ஒத்துழைப்பதில்லை. வீடியோ அழைப்புக்காக அதை நிறுவுவது நேரத்துக்குக் கேடு.

செயலிக்குள் இருக்கும் பழைய குரோமியம்

சிக்னல், டிஸ்கார்ட், ஸ்லாக் மூன்றும் எலக்ட்ரான் மீது கட்டப்பட்டவை. எலக்ட்ரான் என்பது ஒவ்வொரு செயலியும் தன்னோடு சுமந்துவரும் ஒரு குரோமியம். எட்டு வாரத்துக்கு ஒரு முதன்மைப் பதிப்பு வருகிறது. கடைசி மூன்று பதிப்புகளுக்கே ஆதரவு. குரோமியத்தில் லினக்ஸுக்கான ஒரு திருத்தம் இன்று சேர்ந்தாலும், அது எலக்ட்ரானுக்கு வந்து, செயலி நிறுவனம் அந்த எலக்ட்ரானுக்கு மாறிய பிறகே உங்கள் கைக்கு வரும். கணினியில் உள்ள உலாவியைப் புதுப்பிப்பதால் டிஸ்கார்டுக்குள் ஒன்றும் மாறாது.

இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. செயலியில் வேலை செய்யாத ஒன்றை, அதே சேவையின் வெப் பதிப்பில், புதிய குரோமியத்தில் செய்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் உங்கள் கணினி நலம். செயலிக்குள் இருக்கும் எலக்ட்ரான்தான் பழையது. அந்த வேலைக்கு மட்டும் உலாவியைப் பயன்படுத்திவிட்டு நகரலாம். உலாவியிலும் வரவில்லையென்றால் குறை டெஸ்க்டாப் பக்கம்.

திரைப் பகிர்வு கறுப்பாகத் தெரிந்தால்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எக்ஸ்11-இல் எந்தச் செயலியும் முழுத் திரையையும் கேட்காமலே படித்துவிடலாம். வேலண்ட் அதைப் பாதுகாப்புக்காகத் தடுத்தது. திரை வேண்டுமென்றால் செயலி ‘டெஸ்க்டாப் போர்ட்டல்’ என்ற இடையாளைக் கேட்க வேண்டும். அது உங்களிடம் அனுமதி கேட்கும். பிறகு பைப்வயர் என்ற ஒலி, ஒளிச் சேவை வழியாகப் படம் போகும். ஃபெடோரா 2016-இலேயே வேலண்டை இயல்பாக்கிவிட்டது, உபுண்டு 2021-இல் 21.04 பதிப்பில் மாறியது. அரட்டைச் செயலிகள் இந்தப் புதிய வழிக்கு மெதுவாகத்தான் வந்தன.

நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று அறிய, நோம் என்ற டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் சிஸ்டம் டீடெய்ல்ஸில் ‘விண்டோயிங் சிஸ்டம்’ வரியைப் பாருங்கள். கேடிஇ என்ற மற்றொரு டெஸ்க்டாப்பில் ‘அபவுட் திஸ் சிஸ்டம்’ பக்கத்தில் ‘கிராஃபிக்ஸ் பிளாட்ஃபார்ம்’ என்று இருக்கும். குறிப்பிட்ட செயலி வேலண்டில் நேரடியாக ஓடுகிறதா, எக்ஸ்வேலண்ட் என்ற பழைய பாலத்தின் வழியாகவா என்று அறிய எக்ஸ்ஐஸ் என்ற பழைய விளையாட்டு நிரல் போதும். அதைத் திறந்துவைத்து, சுட்டியைச் செயலியின் சாளரம் மீது நகர்த்துங்கள். கண்கள் பின்தொடர்ந்தால் அது எக்ஸ்வேலண்டில் ஓடுகிறது. அசையாமல் நின்றால் வேலண்டில்.

பகிரும்போது கறுப்புத் திரையில் சுட்டி மட்டும் தெரிந்தால், அல்லது சில சாளரங்கள் மட்டும் தெரிந்து மற்றவை மறைந்தால், செயலி இன்னும் பழைய எக்ஸ்11 வழியில் படம்பிடிக்க முயல்கிறது. செயலியைப் புதுப்பியுங்கள், பயனில்லையென்றால் வெப் பதிப்பு.

அனுமதி கேட்கும் பெட்டியே தோன்றாவிட்டால் போர்ட்டலைப் பாருங்கள். பொதுப் போர்ட்டல் பொதி மட்டும் போதாது. டெஸ்க்டாப்புக்கு ஏற்ற துணைப் பொதியும் வேண்டும். நோமுக்கு அதன் பெயரில் முடியும் பொதி, கேடிஇ-க்கு அதன் பெயரில், ஸ்வே என்ற எளிய சூழலுக்கு டபிள்யூஎல்ஆர் என்று முடியும் பொதி. ஸ்வே போன்றவற்றைக் கையால் கட்டி அமைத்தவர்களிடம் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இதுதான். பைப்வயர், அதை மேலாளும் வயர்பிளம்பர் இரண்டும் பயனர் சேவைகளாக ஓடுகின்றனவா என்றும் சரிபார்த்து, ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள்.

உள்நுழையும் திரையின் பற்சக்கரக் குறியில் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுப்பது பழைய குறுக்குவழி. உபுண்டு 25.10-இல் நோமின் எக்ஸ்11 அமர்வு நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே அதை நம்பி இருக்க வேண்டாம்.

அறிவிப்பு வராதது

விண்டோஸுக்கும் மேக்குக்கும் இயங்குதளமே நடத்தும் புஷ் சேவை இருக்கிறது. லினக்ஸ் மேசைக்கு எல்லோரும் பயன்படுத்தும் அப்படியொன்று இல்லை. செயலி மூடப்பட்டால் செய்தி வந்தது தெரியாது. எனவே செயலியின் அமைப்பில் ‘மூடும்போது ட்ரேயில் (திரை ஓரத்தில் ஐகான்கள் நிற்கும் இடம்) ஒதுங்கு’ என்பதை இயக்கி, உள்நுழையும்போது தானாகத் தொடங்கும் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள். நோம் 2017-இல் பழைய ட்ரேயை எடுத்துவிட்டதால், ஃபெடோராவில் ஆப்இண்டிகேட்டர் நீட்சியைத் தனியாக நிறுவினால்தான் ஐகான் தெரியும். உபுண்டுவில் அது ஏற்கெனவே இருக்கும்.

தமிழ் தட்டச்சு நின்றுபோவது

உலாவியில் தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் வருகிறது, அரட்டைச் செயலியில் ஆங்கிலமே விழுகிறது. இந்தக் குறையை நிறுவனங்கள் கவனிப்பதே அரிது. தமிழ்99-இல் ஒரு விசை என்ன தரும் என்பது அதற்கு முந்தைய எழுத்தைப் பொறுத்தது. ஒலிபெயர்ப்பு முறையும் அப்படியே. அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டு நிரல் இடையில் நிற்க வேண்டும். வேலண்டில் நேரடியாக ஓடும் எலக்ட்ரான் செயலிகள் நோம் எதிர்பார்க்கும் உள்ளீட்டு நெறிமுறையை நீண்டகாலம் பேசவில்லை. அதனால் ஐபஸ் ஓடிக்கொண்டிருந்தும் எழுத்து உள்ளே போய்ச் சேராது.

ஃபிளாட்பேக் செயலி என்றால் அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீல் செயலியைத் திறந்து, அந்தச் செயலிக்கு வேலண்ட் விண்டோயிங் பொத்தானை அணைத்து எக்ஸ்11-ஐ இயக்குங்கள். தமிழ் வரும். ஆனால் திரைப் பகிர்வு மறுபடி கறுப்பாகலாம். இரண்டும் வேண்டுமென்றால் இன்ஸ்கிரிப்ட் தமிழ் விசைப்பலகைக்கு மாறுவது ஒரு வழி. அதில் ஒரு விசைக்கு ஒரு குறி என்பதால் உள்ளீட்டு நிரல் தேவையில்லை, எல்லாச் செயலியிலும் வேலை செய்யும். கேடிஇ-யில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு நிரலை நிறுவி, விசைப்பலகை அமைப்பில் ‘வர்ச்சுவல் கீபோர்டு’ பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பொதியால் வரும் தொல்லை

ஃபிளாட்பேக் செயலிக்குள் படத்தை இழுத்துப்போட்டால் சில சமயம் எதுவும் நடக்காது. இணைப்புப் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுத்தால் போகும். கோப்புத் தேர்வுப் பெட்டி போர்ட்டல் வழியே வருகிறது, இழுத்துப்போடுவதற்கோ அந்தக் கோப்புறையைப் பார்க்கும் உரிமை வேண்டும். ஃபிளாட்சீலில் டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இரண்டை மட்டும் சேர்த்துவிடுங்கள். முழு ஹோம் கோப்புறையையும் திறந்துவிடாதீர்கள். ஸ்னாப் செயலியில் கேமராவோ மைக்கோ தெரியாவிட்டால் உபுண்டு செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியில் அந்தச் செயலியின் அனுமதிகளைப் பாருங்கள்.

சிக்னல் அதிகாரபூர்வமாக ஆதரிப்பது 64-பிட் டெபியன் வகை விநியோகங்களை மட்டும். ஃபிளாட்பேக் பொதிகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப்பில் இருப்பது தன்னார்வலர்கள் கட்டுவது. சிக்னலின் ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். பொதி பின்தங்கினால் செய்தி அனுப்புவதே நின்றுவிடும். இன்னொன்றில் கவனம் வேண்டும்: சிக்னல் தன் தரவுத்தளச் சாவியை டெஸ்க்டாப்பின் கடவுச்சொல் பெட்டகமான நோம் கீரிங்கிலோ கேடிஇ-யின் கேவாலட்டிலோ பூட்டிவைக்கிறது. நோமிலிருந்து கேடிஇ-க்கு மாறினால் தரவுத்தளம் திறக்காது. அப்போது பதறி அமைப்புக் கோப்புறையை நீக்கினால் கணினியில் உள்ள செய்திகள் எல்லாம் போய்விடும். பழைய டெஸ்க்டாப்பிலேயே ஒருமுறை உள்நுழைந்து திறந்து பாருங்கள். அதுவும் முடியாமல் கைபேசியோடு புதிதாக இணைக்க நேர்ந்தால், செய்திகளை மாற்றவா என்று கேட்கும்போது ஒப்புக்கொள்ளுங்கள். அரட்டைகளும் கடைசி 45 நாள் படங்களும் வந்து சேரும்.

ராஸ்பெர்ரி பை போன்ற, ஆர்ம் வகைச் சில்லில் ஓடும் கணினிகளில் நிலைமை இன்னும் மோசம். டிஸ்கார்டுக்கு அதிகாரபூர்வப் பொதி இல்லை. டெலிகிராம் டெஸ்க்டாப்பின் மூலநிரல் திறந்திருப்பதால் விநியோகங்கள் தாங்களே தொகுத்துத் தருகின்றன, ஆகவே அது கிடைக்கும்.

புகார் எழுதுவதானால் நான்கு விவரங்கள் கட்டாயம்: விநியோகமும் பதிப்பும், டெஸ்க்டாப்பும் அமர்வு வகையும், பொதி வகை, வெப் பதிப்பில் அதே வேலை நடக்கிறதா. சிக்னலில் வியூ மெனுவில் உள்ள டீபக் லாக்கையும் சேர்த்துவிடுங்கள். ஃபிளாட்பேக்கில் மட்டும் வரும் குறையை நிறுவனத்திடம் சொன்னால் அது அப்படியே மூடப்படும். அந்தப் பொதியைக் கட்டுபவர்களின் பக்கத்தில் எழுதுங்கள்.