வீடு வாங்கும்போது தடங்கல் வந்தால் என்ன செய்வது? முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

பாளையங்கோட்டையில் நாங்கள் வீடு வாங்கிய பிறகு பார்க்கிற ஆளெல்லாம் கேட்டது விலையைத்தான். எத்தனை சென்ட், என்ன ரேட், புரோக்கருக்கு எவ்வளவு? அட்வான்ஸ் கொடுத்ததற்கும் சாவி கைக்கு வந்ததற்கும் நடுவில் எப்படி இருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளை உருக்கி எடுப்பது அந்த நடுப்பகுதிதான். அதைச் சமாளிக்க எங்களுக்கு உதவியதை வரிசையாக எழுதுகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம் என்றால் என்ன என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. அது தெரிந்துதான் இங்கே வந்திருப்பீர்கள்.

எந்தத் தடங்கல் வந்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது இது யார் கையெழுத்துக்காக நிற்கிறது? பதிலாக ஓர் ஆளின் பெயரைச் சொல்ல முடிந்தால் அது வெறும் தாமதம். அந்த ஆளைப் பிடித்தால் வேலை நகரும். யார் பெயரையும் சொல்ல முடியாமல் "பாத்துக்கலாம் அண்ணாச்சி, எல்லாம் சரியாயிரும்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் அந்த வீட்டை விட்டுவிடத் தயாராகுங்கள். கீழே இருப்பதெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

படி 1: ஒரு நோட்டு போடுங்கள்

செல்போன் ஆப் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப் வேண்டவே வேண்டாம். அதில் மச்சான் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் அன்றைய தூக்கம் போச்சு. கடையில் கிடைக்கும் நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார், அடுத்து யார் கையெழுத்து. நான்கு பத்தி போதும். மனது அடித்துக்கொள்ளும்போது நோட்டைத் திறந்தால், எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றிய வாரத்தில்கூட ஏதோ நகர்ந்திருப்பது தெரியும்.

பத்திர நகல்களுக்குப் பிளாஸ்டிக் உறை வைத்த ரெக்சின் பைல் ஒன்று. ஸ்கேன் செய்து மெயிலிலும் போட்டு வையுங்கள்.

படி 2: துண்டு விழும் தொகையை முன்பே கணக்குப் பாருங்கள்

பேசிய விலை 50 லட்சம், தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக நாலரை லட்சம். இது கையில் இருந்து போக வேண்டிய பணம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அந்த மதிப்பு நீங்கள் பேசிய விலை என்று நினைத்தால் அங்கேதான் இடிக்கும். பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் 45 லட்சம் என்று எழுதிவிட்டால் 40 லட்சம் எதிர்பார்த்த இடத்தில் 36 லட்சம்தான் வரும். நாலு லட்சம் துண்டு. இதைப் பதிவுக்கு முந்தின வாரம் தெரிந்துகொண்டால் நெஞ்சு படபடக்கும். முதல் நாளே தெரிந்திருந்தால் அது நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இன்னொன்று. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விலையில் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விலை பேசும்போதே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பதிவு அன்றைக்குச் சொன்னால் "என் பணத்தைப் பிடிக்க நீ யாருவே" என்று கேட்பார்.

*பிற்சேர்க்கை:* மனைவி பெயரில் பதிந்தால் கட்டணம் குறையுமா என்று கருத்துப் பகுதியில் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால்தான். சின்ன மனை வாங்குபவர்களுக்கு உதவும். டவுனுக்குள் வீடு தேடுபவர்கள் மறந்துவிடலாம்.

படி 3: அட்வான்ஸ்

சுருக்கமாகச் சொல்கிறேன். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சொத்து அட்வான்ஸை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. பேங்க் வழியாகப் போன பணத்துக்கு மட்டும்தான் பின்னால் சாட்சி இருக்கும். கிரைய ஒப்பந்தத்தில் "லீகல் சரியில்லை என்றாலோ, பேங்க் கடன் தராவிட்டாலோ அட்வான்ஸ் முழுதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். பத்திர எழுத்தர் "அதெல்லாம் வழக்கமில்லை" என்பார். எழுதச் சொல்லுங்கள், எழுதுவார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தமும் கட்டாயம் பதிய வேண்டிய ஆவணம். வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைப்பதோடு விடாதீர்கள்.

படி 4: லீகல் ஒப்பீனியன், அதாவது சொத்துப் பத்திரங்களைப் பார்த்து வக்கீல் தரும் கருத்து (இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டு நின்றோம்)

வில்லங்கச் சான்றிதழை (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். புரோக்கர் அனுப்பும் பிடிஎப்பை நம்பி உட்காராதீர்கள். மாநகராட்சிப் பகுதியில் பழைய சர்வே எண் ஒன்றும் டவுன் சர்வே எண் ஒன்றும் இருக்கும். இரண்டையும் போட்டுத் தேட வேண்டும். ஒன்றில் வராத பதிவு மற்றதில் வரும். அதே சமயம், பதியாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், கோர்ட்டில் நடக்கும் வழக்கு இதெல்லாம் வில்லங்கத்தில் தெரியாமலே இருக்கலாம். வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று கொண்டாட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வில்லங்கம் சுத்தம், பட்டா விற்பவர் பெயரில், வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில். அப்புறம் பேங்க் வக்கீல் ஒரு வரி எழுதி அனுப்பினார்: விற்பவரின் அம்மா கையெழுத்தோடு சகோதரி கையெழுத்தும் வேண்டும்.

வீடு விற்பவரின் அப்பா சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் போய்விட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ன்படி அப்படிப்பட்ட சொத்தில் மனைவி, மகன், மகள், தாயார் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. பட்டாவை அண்ணன் பெயருக்கு மாற்றிவிட்டதால் தங்கையின் பங்கு காணாமல் போகாது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு மகனைப் போலவே உரிமை, கல்யாணம் ஆகியிருந்தாலும் சரி. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு, பங்கின் அளவும் மாறும். ஆனால் மகளுக்குப் பங்கு இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதைச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனோம். விற்பவர் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா உலக்கையை நிறுத்திவிட்டு, "அவளுக்குப் போட வேண்டியதெல்லாம் போட்டுத்தானய்யா அனுப்பினோம். இப்ப அவ கையெழுத்து எதுக்கு?" என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நம் பக்கத்துப் பாதிக் குடும்பங்களில் நிலைமை இதுதான். நகை போட்டு அனுப்பியதோடு பங்கு முடிந்தது என்று நம்புகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் செய்ய வேண்டியவை:

சட்டம் பேசாதீர்கள். "பேங்க் கேட்குது ஆச்சி, எங்க கையில இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். பழியைத் தாங்கப் பேங்கைவிட நல்ல தோள் கிடையாது. அவர்களுக்குப் பழக்கமான பத்திர எழுத்தரையோ வக்கீலையோ விட்டு விளக்கச் சொல்லுங்கள். நாம் சொன்னால் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும்.

தங்கையிடம் நேராகப் போன் போடாதீர்கள். அண்ணன் வழியாகத்தான் பேச்சு போக வேண்டும். அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருந்தால் அது அவர்கள் பாடு.

தனியாக விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதத்தான் வேண்டும் என்பதில்லை. கிரையப் பத்திரத்திலேயே அம்மாவையும் தங்கையையும் விற்பவர்களாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கலாம். அதுவே போதும் என்றுதான் எங்கள் வக்கீல் சொன்னார்.

எங்கள் கதையில் தங்கை இருந்தது மும்பையில். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எப்படியும் வருவார் என்று தெரிந்ததும் பதிவுத் தேதியைக் கொடை முடிந்த மறுவாரத்துக்கு வைத்தோம். காத்திருந்தோம்தான். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்த பிறகு வீட்டில் சண்டை குறைந்தது. வர முடியாதவர் என்றால் மும்பையிலேயே சார்பதிவாளர் முன்னால் பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிப் பதிந்து அனுப்பலாம்.

*பிற்சேர்க்கை:* "தம்பி துபாயில் இருக்கிறான், லீவு கிடையாது" என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் பவரில் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு.

எப்போது விலக வேண்டும்? வாரிசுகளில் ஒருவர் வழக்குப் போட்டிருந்தால் விலகிவிடுங்கள். மைனர் பிள்ளையின் பங்கு என்றால் அம்மாவே நினைத்தாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அந்த அனுமதி வரும்வரை காத்திருக்கப் பொறுமையும் வாடகையும் இருந்தால் இருங்கள். இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்க் பணத்துக்காக. கட்டணம் கொடுத்து நீங்களும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 5: காத்திருக்கும் நாட்கள்

ஆடியிலும் மார்கழியிலும் பலர் பத்திரம் போட மாட்டார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. அந்த மாதங்களில் நகல் மனு, வாரிசுச் சான்றிதழ் போன்ற வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தள்ளிப்போனால் அது யோகம் என்பேன். மழை அடித்து ஓய்ந்ததும் போய்த் தெருவைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகமும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். பக்கத்து வீட்டு மதினியிடம் "அந்த வெள்ளத்துல இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துது?" என்று கேளுங்கள். கையாலேயே சுவரில் அளவு காட்டுவார். பழைய குளத்தங்கரை ஒட்டிய மனை என்றால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வரவே கூடாது.

வீட்டுக்குள் மூன்று ஒழுங்கு வைத்துக்கொண்டோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுப் பேச்சு கிடையாது. புரோக்கருக்குப் போன் ஒரு நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஒரே ஆள். உறவுக்காரர்களுக்கு ஒரே பதில்: "பேப்பர் பாத்துக்கிட்டு இருக்காங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை கொடுத்தால் வாஸ்து, தெருக்குத்து, இன்னாருடைய மருமகன் இதைவிடச் சல்லிசாக முடித்தது எல்லாம் வரும்.

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதை "வீட்டு டென்ஷன்" என்று தள்ளிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

படி 6: வீடு கைவிட்டுப் போனால்

எங்களுக்கு முதலில் பேசிய வீடு பெருமாள்புரம் பக்கம். கூட ரெண்டு லட்சம் தருகிறேன் என்று ஒருவர் வந்ததும் விற்பவர் மாறிவிட்டார். அந்த வீட்டில் எந்த அறையில் யார் படுப்பது என்றுகூடப் பிள்ளைகள் பிரித்துவிட்டார்கள், அதுதான் வலித்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே போனதால் பணத்துக்குச் சேதமில்லை.

அந்த வாரம் வேறு வீடு பார்க்காதீர்கள். புரோக்கர் அன்று மாலையே "இதைவிட நல்ல எடம் இருக்கு" என்று கூப்பிடுவார். விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் பார்க்கும் வீட்டில் குறை எதுவும் கண்ணில் படாது. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, பிறகு துக்கம் கொண்டாடுங்கள்.

படி 7: பதிவு நாளும் அதன் பிறகும்

முகூர்த்த நாளில் கூட்டம் அலைமோதும். நான் சாதாரண புதன்கிழமைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். சர்வர் படுத்துவிட்டால் பதற வேண்டாம். கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். பாக்கிப் பணத்துக்கான டிடியை மட்டும் பதிவு முடியாமல் கைமாற்றாதீர்கள்.

உட்பிரிவு (ஒரு சர்வே எண்ணைத் துண்டாகப் பிரிப்பது) தேவைப்படாத இடம் என்றால் பதிவோடு பட்டா தானாக மாறும். உட்பிரிவு என்றால் சர்வேயர் அளக்க வர வேண்டும், அது இன்னொரு காத்திருப்பு. நோட்டில் புதுப் பக்கம் போடுங்கள்.

*பிற்சேர்க்கை:* விற்பவருக்கே பழைய வீட்டுக் கடன் இருந்து, மூலப் பத்திரம் அவருடைய பேங்கில் மாட்டிக்கொண்டிருப்பதாக இருவர் எழுதியிருந்தார்கள். கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பேங்க் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. விற்பவர் இதைச் சொல்லி எழுத்தில் கேட்கட்டும். பத்திரம் வந்த பிறகு கடன் தீர்ந்த ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்லுங்கள். அதைப் பதியாதவரை வில்லங்கத்தில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும், உங்கள் பேங்க் பைலைத் தொடாது.