மாலை வகுப்பில் சேருமுன்: ஜிசிஎஸ்இயா, ஃபங்ஷனல் ஸ்கில்ஸா?

ஊரில் பட்டம் வாங்கி நல்ல வேலையில் இருந்தவர்கள், இங்கிலாந்துக்கு வந்து கடையிலும் கிடங்கிலும் சில வருடம் நின்றபின் மறுபடி புத்தகத்தைத் தூக்குவது ஆசையால் மட்டுமல்ல. தாதியர் படிப்போ ஆசிரியர் பயிற்சியோ, எதற்குப் போனாலும் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜிசிஎஸ்இயில் (இங்கே பள்ளியில் 16 வயதில் எழுதும் தேர்வு) 4 என்ற தரத்தை (பழைய C) கேட்கிறார்கள்.

ஊர்ச் சான்றிதழ்களை யூகே ஈனிக்கில் (வெளிநாட்டுச் சான்றிதழ்களை இங்குள்ள தகுதிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் அமைப்பு) கொடுத்து ஒப்பீட்டுக் கடிதம் எடுங்கள். ஓ/எல் (சாதாரண தர) கணிதத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் ஒரு பாடம் மிச்சம். 19 வயதுக்கு மேல், இந்தத் தகுதி இல்லாதவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் இரண்டு பாடமும் இலவசம். பொதுவிதிப்படி மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. விசாவில் 'பொது நிதி கிடையாது' என்றிருப்பதைப் பார்த்துக் கல்லூரிப் பக்கமே போகாதவர்கள் உண்டு. அந்தப் பொது நிதிப் பட்டியலில் கல்வி இல்லை!

இனித்தான் கவனம். சேர்க்கும்போது கணினியில் ஒரு மதிப்பீடு வைப்பார்கள். இரவு வேலை முடித்து அரைத் தூக்கத்தில் போய் அதை எழுதினால் புள்ளி குறையும். உடனே ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் (அன்றாட, வேலைத் தேவைக்கான ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் வேறொரு தகுதி) வகுப்பில் போட்டுவிடுவார்கள். "அதன் மேல் நிலையான லெவல் 2 எடுத்தால் ஜிசிஎஸ்இக்குச் சமம்" என்பார்கள். பல வேலைகளுக்கு அது போதும். ஆனால் ஆசிரியர் பயிற்சிக்குப் பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்பதில்லை. தாதியர் படிப்புக்கு இடத்துக்கு இடம் வேறு. விண்ணப்பிக்கும்போது இது தெரியவந்தால் ஒரு முழு வருடம் போய்விடும். குடும்பத்தையும் ஷிஃப்டையும் சமாளித்துப் படிப்பவருக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. ஆகவே முதலில் போக விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, எதை ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு கல்லூரிக்குப் போங்கள். மதிப்பீட்டை நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் எழுதுங்கள். புள்ளி குறைந்தால் மறுபடி எழுத விடுவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஜிசிஎஸ்இ கணிதத்தில் ஃபவுண்டேஷன் (எளிய நிலை) தாள் போதும். அதில் 5 வரை எடுக்கலாம். மூன்று தாள்களில் முதலாவதில் கால்குலேட்டர் கிடையாது, அது நமக்குப் பயமில்லை. மனக்கணக்கில் விடையை மட்டும் எழுதிவிட்டு, செய்முறைக்கான புள்ளிகளைக் கோட்டைவிடுவதுதான் நம்மவர் வழக்கம். ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

ஆங்கிலம் வேறு கதை. ஏக்யூஏ (தேர்வு வாரியங்களில் ஒன்று) தேர்வில் இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் எழுத்துப் பகுதிக்கு 40 புள்ளி, அதில் 16 எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணத்துக்கே. தமிழ் வழியில் படித்தவர்கள் தவறுவது 'ஏ' (a), 'த' (the) போடுவதில், நடுவில் காலம் மாறுவதில், முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் கமா போடுவதில். வாரம் ஒரு பக்கம் எழுதி, இந்த மூன்றை மட்டும் சிவப்புப் பேனாவால் திருத்திப் பாருங்கள்.

தேர்வு மே, ஜூனில்; பெறுபேறு ஆகஸ்டில். 4 கிடைக்காவிட்டால் ஆங்கில மொழிக்கும் கணிதத்துக்கும் மட்டும் நவம்பரில் மறுதேர்வு உண்டு. அதற்கான பதிவு அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், ஆகவே பெறுபேறு வந்த வாரமே கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.