கடலோரப் பாராகிளைடிங் பயணம்: காற்றை முன்வைத்துத் திட்டமிடும் முறை

நண்பர்களுடன் காரில் கிளம்பி, கடலோரமாக ஒவ்வொரு தளமாகப் பறந்துகொண்டே போகும் பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கியபடி பறக்கும் விளையாட்டு) பயணத்துக்குத் திட்டமிடுபவர்களில் பலர், முதலில் வரைபடத்தை விரித்து ஊர்களையும் தங்குமிடங்களையும் குறித்துவிட்டுக் கடைசியில்தான் காற்றைப் பார்க்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. கடலோரக் குன்றில் நம்மைத் தாங்கிப் பிடிப்பது, கடலிலிருந்து வந்து குன்றின் முகத்தில் மோதி மேல்நோக்கித் திரும்பும் காற்றுதான். அது குன்றுக்கு ஏறத்தாழ நேர்செங்குத்தாக வராவிட்டால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தத் தளத்தில் அன்றைக்குப் பறத்தல் கிடையாது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், தெற்கினதைத் தென்றல், மேற்கினதைக் கோடை என்றும் திசைக்கொரு பெயர் வைத்த நமக்கு, காற்றின் வேகத்துக்கு முன்பாக அதன் திசையைக் கேட்கும் பழக்கம் எளிதாகவே வரவேண்டும்.

ஆகவே, நீண்டு நேராக ஓடும் கரையைவிட, முனைகளும் வளைகுடாக்களுமாக வளைந்து நெளியும் கரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அத்தகைய கரையில், ஒரு மணி நேர ஓட்டத்துக்குள்ளேயே வெவ்வேறு திசைகளைப் பார்த்து நிற்கும் மூன்று நான்கு குன்றுகள் கிடைக்கும். இரவுக்கு ஓர் ஊர் என்று முன்பதிவு செய்துகொண்டே போவதற்குப் பதிலாக, பயணம் முழுவதற்கும் இரண்டு தங்குமிடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றன்றைய காற்றுக்கு ஏற்ற குன்றுக்குப் போய்த் திரும்புவதுதான் என் கணிப்பில் சிறந்த ஏற்பாடு. அடுத்த ஊரில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பொருந்தாத காற்றில் இறக்கையை விரித்தவர்கள் உண்டு.

தளங்களின் வகையும் முக்கியம். பிரான்சின் அட்லாண்டிக் கரையிலுள்ள பிலா மணற்குன்று சுமார் 100 மீட்டர் உயரமுள்ளது. சரிவெங்கும் மணல் என்பதால் சிறு தவறுகளை மன்னிக்கும். கலிபோர்னியாவின் டோரி பைன்ஸ், பசிபிக் பெருங்கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்தான பாறைமுகம். அங்கே விளிம்பில் செய்யும் பிழைக்கு இடமில்லை. சிலியின் இக்கிக்கேயில் அட்டகாமா பாலைவனம் கடலோரத்திலேயே உயர்ந்து நிற்பதால், கடற்காற்றோடு வெயிலில் எழும் வெப்பக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் பயணம் எந்தக் கரையில் நடந்தாலும், முதல் இரண்டு நாட்களை மணற்குன்றுக்கோ புல்சரிவுக்கோ ஒதுக்கி, பாறைமுகங்களைக் கைப்பழக்கம் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நாளின் ஒழுங்கையும் காற்றே வகுத்துத் தருகிறது. காலையில் நிலம் கடலைவிடக் குளிர்ந்திருப்பதால், மெல்லிய நிலக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசக்கூடும். அந்தக் காற்றில் குன்றிலிருந்து புறப்படுவது கூடவே கூடாது. வெயில் ஏறி நிலம் சூடான பிறகு, முற்பகலின் பிற்பகுதியில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கி, பிற்பகலில் உச்சம் கண்டு, மாலையில் தணியும். கார் ஓட்டுவது, பொருள் வாங்குவது, தளத்தை நடந்து பார்ப்பது ஆகியவற்றைக் காலையில் முடித்துக்கொண்டால், பறப்பதற்குரிய நேரம் சாலையில் வீணாகாது. பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பூமியின் சுழற்சியால் கடற்காற்று நாள் போகப்போக வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாகவும் திரும்பும். அதனால் நண்பகலில் நேராக வந்த காற்று மாலையில் அதே குன்றைச் சாய்வாகத் தொடலாம். மாலைக்கென வேறொரு முகத்தைக் கையில் வைத்திருப்பது வீண்போகாது.

வேகத்தைப் பொறுத்தவரை, சாதாரண பாராகிளைடர், பிரேக் கயிறுகளை இழுக்காமல் கைகளை உயர்த்திய நிலையில் மணிக்கு 36 முதல் 39 கி.மீ. வரைதான் முன்னேறும் என்பதை மறக்கக் கூடாது. குன்றின் விளிம்பில் காற்று நெருக்கப்பட்டு மேலும் விரைவதால், கடற்கரை மணலில் நின்று உணரும் வேகம் மேலே இருக்கும் வேகத்தைக் காட்டாது. காற்றின் விசை வேகத்தின் இருமடியில் கூடுகிறது: 20 கி.மீ. காற்று 30 ஆகும்போது இறக்கையை இழுக்கும் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். கடலே நல்ல அளவுமானி. ஆங்காங்கே சில வெண்ணுரைகள் மட்டும் தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ. வரை இருக்கும், அடிக்கடி வெண்ணுரை எழுந்தால் 20 முதல் 28 வரை என்று கொள்ளலாம். தொடுவானத்துப் பக்கம் நுரைக்கோடு அடர்ந்து கரையை நோக்கி நெருங்குவதைக் கண்டால், பறந்துகொண்டிருப்பவர்கள் உடனே இறங்க வேண்டும்.

நண்பர்கள் குழுவுக்கே உரிய ஆபத்து ஒன்றிருக்கிறது. ஒருவர் எழும்பி மிதக்கத் தொடங்கியதும், மற்றவர்கள் தம் திறமையையும் தம் இறக்கையின் வகையையும் மறந்து வரிசையாகக் கிளம்பிவிடுவார்கள். அனுபவசாலி வேகமான இறக்கையில் எளிதாகக் கடந்துவிடும் காற்றில், தொடக்கநிலைக்கான, வேகம் குறைந்த ஏ வகை இறக்கையில் பறக்கும் புதியவர் முன்னேற முடியாமல் நிற்க நேரிடும். எனவே குழுவில் திறமை குறைந்தவருக்குப் பொருந்தும் காற்றின் வரம்பைக் கிளம்பும் முன்பே எண்ணாகப் பேசி வையுங்கள். “இன்று நான் பறக்கவில்லை” என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது என்பதையும் விதியாக்குங்கள். தரையில் ஒருவர் ரேடியோவோடு நிற்பதும், அன்றைக்குப் பறக்காத அவரே கார் ஓட்டுவதும் நல்ல ஏற்பாடு. இந்தப் பொறுப்பை நாள்தோறும் மாற்றிக்கொண்டால் மனக்கசப்பு வராது. வேறு நாட்டுக்குப் போவதாயிருந்தால், உரிமத்தோடு பன்னாட்டுத் திறன் அட்டையான ஐபிபிஐயையும், அந்நாட்டில் செல்லுபடியாகும் மூன்றாம் நபர் காப்பீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

காரைப் பற்றி ஒரு சொல். ஒருவரின் முழுப் பை 15 முதல் 20 கிலோ எடையுள்ளது, அமுக்கினாலும் அதிகம் சுருங்காது. நான்கு பேரும் நான்கு பைகளும் சிறிய காரில் அடங்காது என்பதை முதல் நாள் காலையில் வாசலில் நின்று கண்டுபிடிப்பது வேடிக்கையாக இருக்கும், ஆனால் அப்போது மாற்றுவழி இருக்காது.

கடல் அருகில் இருக்கிறது, விழுந்தால் தண்ணீர்தானே என்ற நினைப்பை முற்றாகக் கைவிடுங்கள். ஹார்னஸின் (பறப்பவர் அமரும் பட்டை இருக்கையின்) முதுகுப் பாதுகாப்பு மெத்தை மிதப்பதால், தண்ணீரில் விழுந்தவரின் முகம் கீழ்நோக்கித் தள்ளப்படலாம். அலை மடியும் இடத்தில் இறக்கை நீரை வாங்கிக்கொண்டு ஆளை இழுக்கும், கயிறுகள் கால்களைச் சுற்றும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். கயிறு அறுக்கும் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் தவிர்க்க முடியாததாகிவிட்டால் கொக்கிகளை எந்த வரிசையில் கழற்றுவது என்பதைத் தரையிலேயே பழகியிருக்க வேண்டும். கீழே மணற்பரப்பு இருக்கிறதா என்பதை ஓதமே (கடல்நீரின் ஏற்றவற்றமே) தீர்மானிக்கிறது. பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் உயர்வதால், உயர் ஓத நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் மேலும் உயரும். நேற்று இந்நேரத்தில் அகலமாகக் கிடந்த கடற்கரை, நான்கு நாள் கழித்து இதே நேரத்தில் பாறையடிவரை நீராக இருக்கலாம். ஓத அட்டவணையைப் பார்க்காமல் புறப்படுவது, இறங்க இடமில்லாமல் பறப்பதற்குச் சமம்.

தளத்துக்கு வந்ததும் உள்ளூர்ப் பறப்பவர்களிடம் பேசுங்கள். பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் மூடப்படும் பாறைகள், விமான நிலையத்தை ஒட்டிய வான்வெளி எல்லைகள் ஆகியவற்றை அவர்களே சரியாகச் சொல்வார்கள். செங்குத்துப் பாறையின் விளிம்பிலிருந்து சில அடி உள்ளே நின்றால், காற்றே இல்லாததுபோலவோ பின்னாலிருந்து வீசுவதுபோலவோ தோன்றலாம்; அது அமைதியன்று, விளிம்பைத் தாண்டிய காற்று சுருண்டு விழும் சுழல். இறக்கையை விரிக்கவும் மேலே திரும்பி இறங்கவும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. காற்றில் எதிரெதிரே வரும்போது குன்று யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கே முன்னுரிமை. மற்றவர் வெளிப்பக்கம் விலக வேண்டும். திரும்புவது எப்போதும் குன்றுக்கு எதிர்ப்பக்கமாகத்தான். முன்னேற்றம் குறைவதாகத் தோன்றிய கணமே ஸ்பீடு பாரை (வேகத்தைக் கூட்டும் கால்மிதியை) அழுத்திக் கடலை நோக்கி முன்னே நகர்ந்துவிடுங்கள். விளிம்புக்குப் பின்னால் தள்ளப்பட்ட பிறகு அழுத்துவதில் பயன் குறைவு.

மாலையில் களைப்பாக இருந்தாலும் இறக்கையின் அறைகளிலிருந்து மணலைக் கொட்டிவிட்டே மடியுங்கள். மணல் துணியை உள்ளிருந்து தேய்க்கிறது, கொக்கிகளையும் ஸ்பீடு பாரின் கப்பிகளையும் இறுக்குகிறது. கடல்நீர் பட்ட இறக்கையை அன்றைக்கே நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் துணியும் கயிறும் கெடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பையை நாள் முழுதும் விட்டுவைக்காதீர்கள். அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட் நனைந்திருந்தால் அதைத் திறந்து உலர்த்தி, தெரிந்தவரிடம் மீண்டும் மடித்து வாங்கிய பிறகே அடுத்த தளத்துக்குப் போகலாம், அதற்கு ஒரு நாள் செலவானாலும்.