சாப்பாட்டுத் தட்டுல ஸ்பார்க் வரவைக்கிறது எப்படி

ஸ்கேலை தலையில தேச்சு பேப்பர் துண்டை ஒட்டவைக்கிறதோட நம்மள்ல முக்காவாசி பேருக்கு நிலைமின்சாரம் முடிஞ்சு போயிடுது. இன்னும் ஒரு படி மேல போய் எவர்சில்வர் தட்டுலேர்ந்தே ஸ்பார்க் வரவைக்கலாம், பிளக்கு பேட்டரி எதுவும் வேணாம். இந்தக் கருவிக்குப் பேரு எலக்ட்ரோஃபோரஸ், 1762லயே ஸ்வீடன்ல வில்க்கேன்னு ஒருத்தர் செஞ்சாரு, 1775ல அதைப் பிரபலமாக்குனது பின்னாடி பேட்டரி கண்டுபிடிச்ச அதே வோல்டா.

ஒரு தெர்மாகோல் ஷீட்டு, அதைவிடச் சின்னதா அடி தட்டையா இருக்கிற எவர்சில்வர் தட்டு, கைப்பிடிக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர், தேய்க்க கம்பளித் துணி (நான் எடுத்தது தாத்தாவோட பழைய மங்கி கேப்). டம்ளரை தட்டு நடுவுல கவுத்து டபுள் சைடு டேப்ல ஒட்டிடுங்க.

இப்போ தெர்மாகோலை கம்பளியால ஒரு நிமிஷம் நல்லா தேய்ங்க. தேய்ச்சா சார்ஜ் புதுசா உண்டாகுதுன்னு நினைக்காதீங்க, கம்பளியில இருந்த எலக்ட்ரான்ல கொஞ்சம் தெர்மாகோலுக்கு இடம் மாறுது, அவ்ளோதான், அதனால தெர்மாகோல் நெகட்டிவ் ஆயிடும் கம்பளி பாசிட்டிவ் ஆயிடும். டம்ளரைப் பிடிச்சு தட்டை அது மேல வைங்க. வச்ச உடனே எடுத்தீங்கன்னா ஒண்ணும் நடக்காது, நானும் முதல்ல அரைமணி நேரம் இப்படியே வச்சு வச்சு எடுத்து மண்டை காஞ்சுதான் போனேன்!

விட்டுப்போன வேலை என்னன்னா, தட்டு தெர்மாகோல் மேல இருக்கும்போதே விரலால ஒரு தடவை தட்டைத் தொடணும். கீழ இருக்கிற நெகட்டிவ் சார்ஜ், தட்டுல இருக்கிற எலக்ட்ரானை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், போக வழி இல்லாம நிக்கிற அதுக்கு உங்க விரல்தான் வாசல். லேசா சுருக்குன்னு இருக்கும். அப்புறம் விரலை எடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் டம்ளரைப் பிடிச்சு தூக்கணும், வரிசை மாறுச்சுன்னா போச்சு. இப்போ தட்டுல எலக்ட்ரான் குறைவு, அதாவது பாசிட்டிவ். விரலைக் கிட்ட கொண்டு போனா தொடுறதுக்கு முன்னாடியே "டிக்"!

காத்துல 1 மில்லிமீட்டர் ஸ்பார்க் தாண்ட சுமாரா 3,000 வோல்ட் வேணும், அப்போ 3 மில்லிமீட்டர் தாண்டுச்சுன்னா 9,000 வோல்ட் பக்கம். பயப்படாதீங்க, சார்ஜ் ரொம்ப கம்மி, சுருக்குங்கிறதோட சரி. ஆனா கேஸ் அடுப்பு, பெட்ரோல் பக்கத்துல வேணாம், பென்டிரைவ் மாதிரி ஐட்டத்தையும் தள்ளி வைங்க.

திரும்ப தேய்க்காமலே வச்சு, தொட்டு, தூக்கினா மறுபடி ஸ்பார்க் வரும், பல தடவை வரும். தெர்மாகோல்ல இருக்கிற சார்ஜ் அங்கேயேதான் இருக்கு, தட்டுக்குள்ள கிட்டத்தட்ட போகவே இல்ல. அப்போ சக்தி எங்கேர்ந்து வருதுன்னா உங்க கையிலேர்ந்துதான், ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கிறதை மீறி தட்டைத் தூக்குறீங்கல்ல.

வரலைன்னா பெரும்பாலும் ஈரக் காத்துதான் காரணம், மேல படியிற ஈரம் வழியா சார்ஜ் கசிஞ்சு போயிடும். மழை நாள்ல சென்னை வீட்டுல சுத்தமா வேலை செய்யாது, ஏசி ரூம்ல ஹேர் டிரையரால தெர்மாகோலையும் டம்ளரையும் காய வச்சுட்டு செஞ்சு பாருங்க. வந்துச்சுன்னா லைட்டை அணைச்சுட்டு கரண்ட் டெஸ்டரோட பின்பக்கத்துல விரலை வச்சு நுனியால தட்டைத் தொடுங்க, உள்ள இருக்கிற நியான் பல்பு ஒரு செகண்டு கூட இல்லாம ஆரஞ்சா மின்னிட்டுப் போகும்.