மலையேற எந்த ஊரில் தங்குவது? நெல்லைப் பக்கம் வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

மேப்பில் எந்த ஊர் மலையை ஒட்டி இருக்கிறதோ, அங்கேயே அறை போட்டுவிடுகிறார்கள். நெல்லைப் பக்கம் இது சரிப்படாது. அடிவாரத்தில் எந்த ஊரில் நின்றாலும் மலை பக்கத்தில்தான் தெரியும். ஏறும் பாதை எல்லா ஊருக்கும் கிடையாது. இங்கே மலையின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசம் வனத்துறை செக்போஸ்ட் வழியாகப் போனால் காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில். மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை. தலையணை அருவிக்குக் களக்காடு, மலை நம்பி கோயிலுக்குத் திருக்குறுங்குடி. ஒரு வழியில் ஏறி, மேலேயே சுற்றி இன்னொரு வழியில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கீழே வந்து அடிவாரச் சாலையில்தான் சுற்ற வேண்டும். ஆகவே போகிற வழியை முதலில் முடிவு செய்யுங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம்.

பாபநாசம், மணிமுத்தாறு இரண்டுக்கும் போகிறவர்களுக்கு என் ஓட்டு அம்பைக்கு (அம்பாசமுத்திரம்) அல்லது கல்லிடைக்குறிச்சிக்குத்தான். தாமிரபரணிக்கு அக்கரையும் இக்கரையுமாக இருக்கும் ஊர்கள். நெல்லை–செங்கோட்டை ரயில் பாதையில் இரண்டுக்கும் ஸ்டேஷன் உண்டு. கல்லிடைக்குறிச்சியில் தங்கினால் அப்பளக் கட்டு வாங்காமல் திரும்ப முடியாது, அது வேறு விஷயம்.

நெல்லை டவுனில் வசதியான ஹோட்டல் கிடைக்கும். ஆனால் பாபநாசத்துக்குச் சுமார் 50 கி.மீ. போக வேண்டும். செக்போஸ்ட்டில் நேரக் கட்டுப்பாடு உண்டு, சாயங்காலத்துக்குள் இறங்கியும் ஆக வேண்டும். காலைப் பொழுதைச் சாலையில் விட்டால் மலைக்கு என்ன மிஞ்சும்? மேலே போய்த் தங்கிக்கொள்ளலாம் என்றும் கிளம்பாதீர்கள். வனத்துறை அனுமதியில்லாமல் முடியாது; மாஞ்சோலைக்குப் போகும் முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவத்திலும் ஏமாறுகிறார்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றதும் மலை முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைப்பு. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று தருவது அது. தெற்கே களக்காட்டு அடிவாரம் அப்போது காய்ந்து கிடக்கலாம். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை கொட்டித் தீர்க்கும். வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஜனம் திரளும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பை எங்கும் அறை கிடைப்பது கஷ்டம். நேர்ச்சை இருந்தால் வாருங்கள். மலை பார்க்க மட்டும்தான் என்றால் அந்த வாரம் திருக்குறுங்குடிப் பக்கம் போய்விடுங்கள்.